சேதுச் சாலையும் செலவுக் கணக்கும்

எங்கள் ஊரிலிருந்து கடல் பார்க்கக் கிளம்பினால், செலவில் பெரும்பங்கை விழுங்குவது வண்டி வாடகையும் இல்லை, டீசலும் இல்லை. ராத்திரி தலைசாய்க்கும் இடம்தான். நான் ஒட்டன்சத்திரம் காய்கறி மார்க்கெட்டில் ஒரு கமிஷன் கடையில் கணக்கு எழுதுகிறவன். நண்பர்கள் நான்கு பேர் சேர்ந்து ராமேஸ்வரம் போய், தனுஷ்கோடி பார்த்து, அங்கிருந்து கடலை ஒட்டியே வடக்கே ஏறி நாகப்பட்டினம் வரை போய்த் திரும்பலாம் என்று பேச்சு வந்தது. நோட்டும் பேனாவும் என் கைக்கு வந்தன. டீசல், சுங்கச்சாவடி, டீ, சாப்பாடு எல்லாவற்றையும் நாலால் வகுத்தால் எவரும் தாங்கக்கூடிய தொகைதான். லாட்ஜ் வாடகையை எழுதியதும் அது கிட்டத்தட்ட இரண்டு பங்கானது. அமாவாசையோ தொடர் விடுமுறையோ குறுக்கிட்டால் அதற்கு மேலும் போகும்.

லாரி ஓட்டும் நண்பர் சொன்னார்: "அண்ணே, ரூமே போட வேணாம். வண்டியிலயே படுத்துக்கலாம், நான் தெனமும் படுக்கலையா?" அவர் ராத்திரி லோடு ஏற்றிக் கேரளாவுக்குப் போகிறவர். கொச்சி, ஆலப்புழைக் கடலெல்லாம் அவருக்குத் தண்ணீர் பட்ட பாடு. தன் மாநிலத்துத் தனுஷ்கோடியைப் பார்த்ததில்லை. அறுபதை நெருங்கும் இன்னொரு நண்பருக்கு முதுகு வலி. அவரை வண்டியில் படுக்க வைக்க முடியாது.

லாட்ஜ் வாடகை என்ற இந்த ஒரு வரியில் கணக்கு நின்றுபோனதால்தான், இதே வழியில் இருநூறு வருஷத்துக்கு முன் போனவர்கள் எப்படிச் சமாளித்தார்கள் என்று தேடிப் படிக்க ஆரம்பித்தேன். படித்த வரைக்கும் எனக்கு உறுதியாகப் படுவது இது: அவர்கள் கணக்கில் தங்கும் செலவு என்ற வரியே கிடையாது. அவர்கள் கிளம்புவதற்கு வெகுகாலம் முன்பே அந்த வரியை வேறு யாரோ அடைத்துவிட்டுப் போயிருந்தார்கள்.

இங்கிருந்து ராமேஸ்வரம் ஏறக்குறைய 270 கிலோமீட்டர். திண்டுக்கல், மதுரை, மானாமதுரை, பரமக்குடி, ராமநாதபுரம், மண்டபம், பாம்பன் என்று வழி. நடந்தால் பத்துப் பகல் ஆகும். குழந்தை குட்டியோடு மாட்டுவண்டியில் போனாலும் பெரிதாக மிச்சம் ஆகாது. பத்துப் பகல் என்றால் பத்து ராத்திரி. ஒவ்வொரு ராத்திரிக்கும் ஒரு கூரை, ஒரு கிணறு, அடுப்பு மூட்ட ஓர் இடம் வேண்டும். தெற்கே சத்திரங்கள் எழுந்த கணக்கு இதுதான். ஒரு பகல் நடைக்கு ஒரு சத்திரம், இடையில் தண்ணீர்ப் பந்தல், சாலையோரம் நிழல் மரம். எங்கள் ஒட்டன்சத்திரம், பழனிக்குப் போகும் வழியில் உள்ள சத்திரப்பட்டி, கிழக்குக் கடற்கரையில் சேதுபாவாசத்திரம், தனுஷ்கோடிக்கு முந்தின முகுந்தராயர் சத்திரம் எல்லாம் இந்தப் பழைய பயணத்தின் தடம் பதிந்த ஊர்கள். ராமேஸ்வரம் தீவுக்குள் தங்கச்சிமடமும் அக்காள்மடமும் இருக்கின்றன.

மதுரையை 1689 முதல் 1706 வரை ஆண்ட ராணி மங்கம்மாள் பெயரைச் சொல்லாமல் இந்தக் கதையைச் சொல்ல முடியாது. தெற்கே கன்னியாகுமரி வரை மங்கம்மாள் சாலை என்று ஜனங்கள் இன்றும் காட்டும் சாலைகள் உண்டு. மதுரை ரயில் நிலையத்துக்கு எதிரே மங்கம்மாள் சத்திரம் இருக்கிறது. அந்த அம்மாள் சத்திரம் கட்டியபோது அங்கே ரயிலும் இல்லை, நிலையமும் இல்லை. ஆட்கள் வந்து இறங்கும் இடம் எது என்பது ரயில்காரர்களுக்கு முன்பே அவருக்குத் தெரிந்திருக்கிறது.

சத்திரத்தைவிட என் மனசில் நிற்பது சுமைதாங்கிக் கல். கணக்குப் படித்தவன் என்பதால் அதன் அளவுகள் எனக்குப் பிடிக்கும். ஊன்றிய இரண்டு கல், அவற்றின் மேல் குறுக்கே ஒரு பட்டைக் கல், அவ்வளவுதான். உயரம் ஆளின் தோளுக்கும் நெஞ்சுக்கும் நடுவில். தலைச்சுமையோடு தனியாக வருகிறவர் அதன் பக்கத்தில் நின்று, லேசாகக் குனிந்து, மூட்டையைத் தலையிலிருந்து கல்லின் மேல் நழுவவிடலாம். இறக்கிவிட ஆள் வேண்டாம், திரும்ப ஏற்றிவிடவும் ஆள் வேண்டாம். தரையில் இறக்கிய மூட்டையைத் தலைக்குத் தூக்க இன்னொரு கை வேண்டும் என்பது சந்தைக்குச் சுமந்தவர்களுக்குத் தெரியும். வயிற்றில் பிள்ளையோடு இறந்த பெண்ணின் நினைவாகத்தான் பெரும்பாலும் இந்தக் கல்லை நட்டார்கள். இறக்கி வைக்க முடியாத சுமையோடு போனவள் பேரால், ஊரார் சுமையை இறக்கி வைக்க ஒரு கல். சின்ன வயசில் நான் பார்த்த ஒரு சுமைதாங்கி, சாலை அகலமானபோது போய்விட்டது. இருக்கிற கல்லையாவது சாலை போடுகிறவர்கள் பத்தடி தள்ளி நட்டுக் காப்பாற்ற வேண்டும்.

கடலுக்கும் எங்கள் மலையடிவாரத்துக்கும் இருந்த போக்குவரத்தில் பக்தி மட்டும் இல்லை, உப்பும் இருந்தது. மலையில் மிளகு, கிழங்கு, தேன் எல்லாம் விளையும், உப்பு விளையாது. கடற்கரை உப்பு வண்டியிலும் பொதிமாட்டிலும் ஏறி உள்நாட்டுக்கு வந்தது. சங்க காலத்து உமணர் செய்த தொழில்தான். நகரத்தார் பழனிக்குக் காவடி எடுத்து நடக்கும் வழக்கமும், உப்பு வியாபாரத்துக்காகப் பழனிப் பக்கம் வந்த ஒரு செட்டியாரிடமிருந்து தொடங்கியது என்பது அவர்கள் மரபில் வரும் செய்தி. இன்றும் தைப்பூசத்துக்குக் குன்றக்குடியிலிருந்து நத்தம், திண்டுக்கல் வழியாகக் காவடியோடு நடந்து வருகிறார்கள்.

ராஜ குடும்பமும் இந்த வழியை அறியும். ராமநாதபுரம் சேதுபதியின் மகளாகப் பிறந்து சிவகங்கைக்கு வாழ்க்கைப்பட்ட வேலு நாச்சியார், 1772இல் காளையார்கோவில் போரில் கணவர் முத்துவடுகநாதர் இறந்தபின், எங்கள் ஊரை அடுத்த விருப்பாச்சியில்தான் பாளையக்காரர் கோபால நாயக்கரின் ஆதரவில் தங்கியிருந்தார். 1780இல் ஹைதர் அலியின் படை உதவியோடு திரும்பிப் போய்ச் சீமையை மீட்டார். விருப்பாச்சி இன்று மலைவாழைக்குப் பேர்போனது. அந்த வழியாகப் போகும்போதெல்லாம், கடற்கரைச் சீமையில் பிறந்த ஒரு பெண்ணுக்கு எட்டு வருஷம் கூரை கொடுத்த மண் இது என்பது எனக்குப் பெருமையாக இருக்கிறது.

சத்திரங்களைப் பற்றி நான் படித்ததில் என்னை மிகவும் உலுக்கியது தஞ்சை மராத்திய அரசர் இரண்டாம் சரபோஜி 1801இல் கிழக்கிந்தியக் கும்பினியின் ரெசிடெண்டுக்கு எழுதிய கடிதம். 1799 உடன்படிக்கையோடு தஞ்சை ராஜ்ஜியத்தின் நிர்வாகம் கும்பினியின் கைக்குப் போய்விட்டது. அரசருக்குக் கோட்டையும் பென்ஷனும்தான் மிச்சம். அந்த நிலையில் அவர் மன்றாடிக் கேட்டது, ராமேஸ்வரம் போகும் பாதையில் தன் முன்னோர் கட்டிய சத்திரங்களைத் தன் பொறுப்பிலேயே விட்டுவிட வேண்டும் என்பதை. அங்கே என்னென்ன நடக்கிறது என்று வரிசையாகச் சொல்கிறார். பிராமணர் முதல் பறையர் வரை, யோகிகள், ஜங்கமர், பைராகிகள் என்று வருகிற எவருக்கும் சோறு. சமைத்ததைச் சாப்பிடாதவர்களுக்கு அரிசியும் சாமான்களும். வழியில் நோய்ப்பட்டவர்களுக்கு வைத்தியரும் மருந்தும், குணமாகும் வரை பத்தியச் சாப்பாடும். கைக்குழந்தைகளுக்குப் பால். கர்ப்பிணி வந்து அங்கே பிரசவமானால் அதற்கான கவனிப்பு. பெற்றோர் வழியில் இறந்துபோனால் பிள்ளைகளை வைத்துப் படிக்க வைப்பது.

சோறு போடுவது நள்ளிரவு வரை நடக்கும். நள்ளிரவில் மணி அடித்து, இன்னும் சாப்பிடாதவர் யாராவது இருந்தால் வரலாம் என்று கூவி அழைப்பார்கள். இதைப் படித்த ராத்திரி எனக்குத் தூக்கம் வரவில்லை. கடையில் வரவு செலவை முடித்த பிறகு, பாக்கி யாருக்காவது தர வேண்டியிருக்கிறதா என்று கூவி அழைக்கும் கணக்கு எங்காவது உண்டா? அங்கே இருந்திருக்கிறது.

இதற்குப் பணம் எங்கிருந்து வந்தது என்பதுதான் கணக்கன் கேட்கும் கேள்வி. சத்திரம் கட்டுகிறவர் கட்டடத்தை மட்டும் கட்டிவிட்டுப் போகவில்லை. அதன் பேரில் நிலமோ கிராமமோ எழுதி வைத்தார். வயலில் விளைந்த நெல் குதிருக்கு வந்தது, குதிரிலிருந்து உலைக்குப் போனது. நடுவில் காசே இல்லை. சந்தையில் அரிசி விலை இரண்டு மடங்கானாலும் சத்திரத்து இலையில் சோறு குறையாது, ஏனென்றால் அது விலைக்கு வாங்கிய அரிசி அல்ல. மழை பொய்த்தால் மட்டும்தான் ஆபத்து. விலைவாசி தொட முடியாத ஏற்பாட்டை இவ்வளவு எளிதாகச் செய்தவர்கள் மேல் எனக்கு மரியாதை கூடிக்கொண்டே போகிறது.

எல்லாச் சத்திரமும் எல்லோரையும் ஒன்றுபோல் நடத்தவில்லை என்பதையும் எழுதித்தான் ஆக வேண்டும். சமைத்த சாப்பாடு ஒரு சாராருக்கு, மற்றவர்க்குப் படி அரிசி, இன்னும் சிலருக்கு வாசலுக்கு வெளியே என்று சாதி பார்த்த சத்திரங்கள் நிறைய. கட்டியவரின் சாதியாருக்கு மட்டும் என்று இருந்தவையும் உண்டு, சில இன்றும் அப்படியே. பழைய ஏற்பாட்டைப் புகழும்போது இந்த வாசலில் நின்று திரும்பியவர்களை மறந்தால் அது பொய்க் கணக்கு. சரபோஜியின் கடிதம் எனக்கு இவ்வளவு பெரிதாகத் தெரிவதற்கு இதுவும் காரணம்.

சரபோஜி தன் அன்புக்குரிய முத்தாம்பாளின் நினைவாகக் கட்டிய சத்திரம் ஒரத்தநாட்டில் இன்னும் நிற்கிறது. அடித்தளத்தில் யானையும் குதிரையும் இழுப்பதுபோல் தேர் வடிவில் கல்வேலை. நீடாமங்கலத்தில் யமுனாம்பாள் சத்திரம். 1855இல் தஞ்சை மராத்தியர் அரசு முடிந்தபின் சத்திரங்கள் வெள்ளைக்கார நிர்வாகத்துக்குப் போய், இன்று தஞ்சை மாவட்ட ஆட்சியரின் கீழ் சத்திரங்களுக்கென்றே தனி வட்டாட்சியரோடு ஒரு நிர்வாகமாக நடக்கின்றன. அதன் வருமானத்தில் மாணவர் விடுதிகள் நடப்பது நல்ல காரியம். வழிப்போக்கனுக்குத்தான் அங்கே இடமில்லை.

வழிச் சத்திரங்களின் ஆயுளைக் குறைத்தது ரயில். 1875இல் திருச்சியிலிருந்து திண்டுக்கல் வழியாக மதுரைக்கு ரயில் வந்தது. 1902இல் அது மண்டபம் வரை நீண்டது. 1914 பிப்ரவரியில் பாம்பன் பாலம் திறந்தபின் தண்டவாளம் கடலைத் தாண்டியது. பத்து ராத்திரிப் பயணம் ஒரு ராத்திரியானது. இடையில் இருந்த சத்திரங்களுக்கு ஆள் வரவில்லை. ராமேஸ்வரத்துச் சத்திரங்களும் மடங்களும் மட்டும் நிரம்பின. 1928இல் திண்டுக்கல் – பொள்ளாச்சி மீட்டர்கேஜ் பாதை வந்ததும் எங்கள் ஊருக்கும் அந்த வசதி கிடைத்தது. பாலக்காட்டிலிருந்து ராமேஸ்வரம் போகும் பாசஞ்சர் இந்த வழியாகத்தான் ஓடியது.

என் அப்பத்தா அதில் போனவர். ஊர்ப் பெண்கள் கூட்டமாகச் சேர்ந்து ஆடி அமாவாசைக்குப் போவார்களாம். புளிச்சோறு ஒரு துணியில், வறுத்த அரிசிமாவும் கருப்பட்டியும் இன்னொரு துணியில். வெள்ளாமை எடுத்த காசில் டிக்கெட். ராமேஸ்வரத்தில் சத்திரத்துத் தாழ்வாரத்தில் பாய் விரித்துப் படுத்து, விடியலில் தனுஷ்கோடி ரயில் ஏறிப் போய்க் கடலில் முழுகி வருவார்கள். "ரெண்டு கடலும் பக்கத்துப் பக்கத்துல இருக்கும் சாமி, ஒண்ணு பேசாது, ஒண்ணு கத்தும்" என்று சொல்வார். ஒரு பக்கம் மன்னார் வளைகுடா, ஒரு பக்கம் பாக் நீரிணை. தங்கியதற்குக் காசு கொடுத்ததாக அவர் சொல்லி நான் கேட்டதே இல்லை. கோயிலுக்குக் கொடுத்தார், பிச்சை போட்டார், சங்கு வளையல் வாங்கினார்.

அந்தத் தனுஷ்கோடி 1964 டிசம்பர் 22ஆம் தேதி ராத்திரி அடித்த புயலில் போனது. பாம்பனிலிருந்து வந்துகொண்டிருந்த பாசஞ்சர் ரயில் அதிலிருந்த நூற்றுக்கு மேற்பட்டவர்களோடு கடலில் போனது. ரயில் நிலையம், கோயில், வீடுகள், இலங்கைக்குக் கப்பல் ஏறும் துறை எல்லாம் அழிந்தன. உடைந்த பாம்பன் பாலத்தை பொறியாளர் இ. ஸ்ரீதரன் தலைமையில் 46 நாளில் சரிசெய்துவிட்டார்கள்; ஊரைச் சரிசெய்ய முடியவில்லை. வாழத் தகுதியற்ற இடம் என்று அரசு அறிவித்தது. அதன்பின் சாலை முகுந்தராயர் சத்திரத்தோடு முடிந்தது. அங்கிருந்து மணலிலும் தண்ணீரிலும் வேன் ஓட்டுகிறவர்கள்தான் ஆட்களை ஏற்றிப் போனார்கள்.

கார், பஸ் வைத்து நண்பர்கள் ஊர் சுற்றும் பயணத்துக்கு இந்தப் பக்கம் வயசு அதிகமில்லை. 1988 அக்டோபர் 2ஆம் தேதி ராஜீவ் காந்தி சாலைப் பாலத்தைத் திறக்கும் வரை தீவுக்குள் பஸ் போக வழியில்லை; மண்டபத்தில் இறங்கி ரயில் பிடிக்க வேண்டும். 2017 ஜூலையில் முகுந்தராயர் சத்திரத்திலிருந்து அரிச்சல்முனை வரை ஒன்பதரைக் கிலோமீட்டர் சாலை திறந்தது. 2025 ஏப்ரல் 6ஆம் தேதி புதிய ரயில் பாலம் வந்தது. கப்பல் போக நடுவில் 72.5 மீட்டர் நீளத் துண்டு செங்குத்தாக மேலே ஏறும். சாலைப் பாலத்தில் நின்று இதைப் பார்க்கக் காசு வேண்டாம். போகிற வழி இவ்வளவு சுலபமாகிவிட்டது. தங்குகிற வழிதான் அப்பத்தா காலத்தைவிடக் கஷ்டமாகிவிட்டது.

வழிப்போக்கருக்கு இடம் கேட்கும் உரிமை எங்கள் ஊருக்கு உண்டு என்று நினைக்கிறேன். தை மாதம் வந்து பாருங்கள். திண்டுக்கல் சாலையில் பச்சையும் காவியும் கட்டிய பழனி பாதயாத்திரைக்காரர்கள் பகலும் ராத்திரியும் போய்க்கொண்டே இருப்பார்கள். வழியெல்லாம் நீர்மோர், சுக்குக் காப்பி, கால்வலித் தைலம். மண்டபம், பள்ளிக்கூடம், கடைத் திண்ணை எங்கும் ஆட்கள் படுத்திருப்பார்கள். யாரும் வாடகை கேட்பதில்லை, சாதியும் கேட்பதில்லை. எங்கள் கடை குடோன் முன்னால் தக்காளிக் கூடைகளை ஒதுக்கிவிட்டு இடம் கொடுப்போம். நள்ளிரவு தாண்டி வந்து, "இங்க படுக்கலாமுங்களா?" என்று கேட்பவருக்குப் பாய் எடுத்துக் கொடுக்கும் பையன்கள் சரபோஜியைப் படித்தவர்கள் அல்ல.

அதனால் நடக்காத ஒன்றை நான் கேட்கவில்லை. ராமேஸ்வரம் போகும் இந்தச் சேதுச் சாலையில் மிச்சமிருக்கும் சத்திரங்களில், வழிப்போக்கருக்கென்று ஒரு கூடம், சுத்தமான கழிவறை, குடிதண்ணீர், நாலு பேர் பாய் விரிக்க இடம் வேண்டும். கட்டணம் வைத்தாலும் பஸ் டிக்கெட் அளவுக்கு வைக்கட்டும். அந்த நிலங்கள் அதற்காகத்தான் எழுதி வைக்கப்பட்டவை.

எங்கள் பயணத் திட்டம் இப்போது மாறியிருக்கிறது. ராமேஸ்வரத்தில் வாடகை ஏறும் நாள்களைத் தவிர்த்துவிட்டோம். கூட்டமில்லாத கிழமையில் ஓர் இரவு மட்டும் அங்கே அறை. மதியச் சாப்பாடு கட்டுச்சோறு. அங்கிருந்து ராமநாதபுரம் திரும்பி, தேவிபட்டினம், தொண்டி, மீமிசல், கோட்டைப்பட்டினம், மணமேல்குடி, கட்டுமாவடி, சேதுபாவாசத்திரம், மல்லிப்பட்டினம் என்று கிழக்குக் கடற்கரைச் சாலை. மல்லிப்பட்டினம் பக்கத்தில் சரபோஜி கடலோரம் கட்டிய மனோரா. நெப்போலியன் தோற்றதற்காக ஆங்கிலேயரை வாழ்த்தி எழுப்பிய எட்டு அடுக்குக் கோபுரம் அது. என்னைக் கேட்டால் அதே மனிதர் கட்டிய சத்திரம்தான் பெரியது.

முடிவில் நாகப்பட்டினம். காளமேகப் புலவர் சோறு வரத் தாமதமானதற்காக வசைபாடியதாகச் சொல்லும் காத்தான் சத்திரம் இருந்த ஊர். பசித்தவன் நேரத்துக்குச் சோறு கேட்டுக் கோபப்படலாம், அதைப் பாட்டாகப் பாடி ஊரையே கேட்க வைக்கலாம் என்பதற்கு அந்தக் கதையே சாட்சி. நாகப்பட்டினத்திலிருந்து தஞ்சை, திருச்சி, திண்டுக்கல் வழியாக எங்கள் ஊருக்கு வருவது ஒரே சாலை, தேசிய நெடுஞ்சாலை 83. கோவை, பழனி, ஒட்டன்சத்திரம் என்று நாங்கள் காய்கறி லோடு அனுப்பும் அதே சாலையின் கிழக்கு முனை கடலில் முடிகிறது என்று லாரி நண்பருக்கே நான் சொல்லித்தான் தெரிந்தது.

தஞ்சையில் சாலையை விட்டிறங்கி ஒரத்தநாடு போய் முத்தாம்பாள் சத்திரத்தைப் பார்ப்பதாகவும் முடிவு. அதன் பிறகு சத்திரம் வட்டாட்சியருக்கு ஒரு மனு. எழுதுவது நான், கையெழுத்து நாலு பேரும்.